பார்த்ததும் பெயர் சொல்லும் வேகம் வயதோடு எப்படி வளர்கிறது?

படத்தையோ எழுத்தையோ பார்த்தவுடன் பெயர் சொல்லும் திறன் வயதோடு எப்படி மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 1970களில் டென்க்லா, ருடெல் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய விரைவுப் பெயரிடல் சோதனையில், ஐந்தே உருக்கள் மாறி மாறி 50 இடங்களில் வரும் அட்டையைக் குழந்தை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நிறங்களையும் பொருள்களையும் முதலில் கற்ற குழந்தைக்கே, படிக்கப் பழகியபின் எழுத்துகளையும் எண்களையும் சொல்வது அவற்றைவிட விரைவாகிவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான். எழுத்து தெரிந்தும் தடுமாறும் குழந்தையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளக் கூடாது. கண்ட வடிவத்துக்குரிய ஒலியை நினைவிலிருந்து எடுக்கவே அதற்கு நேரம் பிடிக்கலாம். தொடக்கப் பள்ளி ஆண்டுகளில் மளமளவென்று கூடும் இவ்வேகம், பதின்பருவத்தில் மெதுவாகவே உயர்கிறது. கண்ணசைவும் அப்படியே: தேர்ந்த வாசகரின் பார்வை ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடியே நிற்க, புதிதாகப் படிப்பவரின் பார்வை நெடுநேரம் தங்கி, அடிக்கடி பின்னோக்கியும் திரும்புகிறது.