நாற்காலிக்கும் செருப்பு மாதிரி சைஸ் உண்டு

கேள்வி: என் உயரம் 155 செ.மீ. வீட்டிலிருந்தே வேலை, ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மாதம் முன்பு உயரமான சாய்மானம், தலைத்தாங்கி எல்லாம் வைத்த ‘எர்கோனமிக்’ நாற்காலி ஒன்று வாங்கினேன். மதியத்துக்குள் கால் மரத்துப் போகிறது. சாயங்காலம் இடுப்பு கடுக்கிறது. எழுந்து நடந்தால் சரியாகிவிடுகிறது. இதைவிட விலை கூடியதாக மாற்ற வேண்டுமா? வலைத் துணி போட்ட மெஷ் நல்லதா, குஷன் நல்லதா?

பதில்: மெஷ்ஷா குஷனா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு சின்ன சோதனை. அதே நாற்காலியில், இடுப்பு சாய்மானத்தில் நன்றாக ஒட்டும்வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது? இரண்டு மூன்று விரலாவது நுழைய வேண்டும். உங்கள் உயரத்துக்கு ஒன்று நுழைந்தாலே அதிகம் என்று நினைக்கிறேன்.

முழங்காலுக்குப் பின்னால் ரத்தக் குழாய்களும் நரம்பும் சேர்ந்து ஓடுகின்றன. இருக்கையின் விளிம்பு அந்த இடத்தை மணிக்கணக்கில் அழுத்தினால் கால் மரத்துப் போகத்தான் செய்யும். உடம்பு அதைப் பொறுத்துக்கொண்டு இருக்காது. நமக்கே தெரியாமல் முன்னால் நகர்ந்துவிடுவோம். இப்போது முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கீழ்முதுகைத் தாங்கும் மேடு, அதாவது லம்பார் சப்போர்ட், எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? அது காற்றைத்தான் தாங்குகிறது. முதுகு கூன் போடுகிறது, சாயங்காலம் இடுப்பு கடுக்கிறது. காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று என இரண்டு தொல்லை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது: இருக்கையின் ஆழம் உங்கள் தொடைக்கு அதிகம்.

எத்தனை கிலோ தாங்கும், எத்தனை கோணம் சாயும் என்றெல்லாம் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். இருக்கை ஆழம் எங்கோ கடைசி வரியில் இருக்கும். ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994இல் ஏரான் நாற்காலியைக் கொண்டுவந்தபோது ஏ, பி, சி என்று மூன்று சைஸில் விற்றது. செருப்பு வாங்கும்போது சைஸ் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. நாற்காலிக்கு மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

உங்கள் சைஸை வீட்டிலேயே அளக்கலாம். குஷன் இல்லாத ஸ்டூல் ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பின்புறம் சுவரில் படும்படி உட்காருங்கள். சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப்பில் அளந்து, 5 செ.மீ. கழியுங்கள். 45 வந்தால் 40தான் உங்களுக்கு வேண்டிய ஆழம். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால், முழுக்கப் பின்னால் தள்ளிய நிலையில் அந்த அளவு கிடைக்கிறதா என்று பாருங்கள். முன் விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தால் இன்னும் நல்லது. அப்படியே தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரையும் அளந்துகொள்ளுங்கள். இருக்கையை அந்த உயரத்துக்காவது இறக்க முடிய வேண்டும்.

இங்கே மேஜை ஒரு சிக்கல் பண்ணும். சாதாரண மேஜைகள் 73 முதல் 75 செ.மீ. உயரம்; உங்களைவிட உயரமானவர்களுக்குப் பொருந்துகிற உயரம் அது. பாதம் தரையில் படிய இருக்கையை 40 செ.மீ. உயரத்தில் வைத்தீர்கள் என்றால், அதற்குமேல் 22 செ.மீ. தள்ளி முழங்கை, அதாவது 62. மேஜையோ 74இல் இருக்கிறது. நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். இதற்கு ஒரே வழி, நாற்காலியை 52க்கு உயர்த்தி, தொங்கும் காலுக்குக் கீழே 12 செ.மீ. உயரத்தில் எதையாவது வைப்பது. மேஜையைத் தாழ்த்த முடிந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். உங்கள் காலுக்குக் கீழே இப்போது எதுவும் இல்லை என்றால், மரத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். தொங்கும் காலின் எடை முழுவதும் அந்த விளிம்பில்தான் இறங்குகிறது.

அடுத்தது சாய்மானம். லம்பார் மேடு பெல்ட் கட்டும் இடத்திலோ அதற்குச் சற்று மேலேயோ வர வேண்டும். உயரத்தை மாற்ற முடியாத மேடு குள்ளமானவர்களுக்கு விலாவில் போய் இடிக்கும். ‘நேராக நிமிர்ந்து உட்கார்’ என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதையும் அப்படியே கடைப்பிடிக்க வேண்டாம். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சனும் அவருடைய சகாக்களும் 1960, 70களில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். சாய்மானம் பின்னால் சாயச் சாய அழுத்தம் குறைந்தது. இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே 100 முதல் 110 டிகிரி இருக்கும்படி சாய்ந்து வேலை செய்வது தப்பே இல்லை.

இருக்கைக்கு அடியில் உருண்டையாக ஒரு திருகு இருக்குமே, அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? என்னிடம் முதுகுவலியோடு வருபவர்களில் பலர் அதைத் தொட்டதே இல்லை. சாய்மானத்தின் இறுக்கத்தை உங்கள் எடைக்குத் தகுந்தபடி மாற்றுவது அதுதான். எடை குறைந்தவர்களுக்கு இறுக்கம் அதிகமாக இருந்தால் சாய்மானம் நம்மை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். நன்றாகத் தளர்த்திவிட்டு, லாக்கையும் எடுத்துவிடுங்கள். முதுகு அசைய அசைய சாய்மானமும் கூடவே வர வேண்டும்.

கைப்பிடி விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். பார்க்கப் பிரமாதமான ஒரு நாற்காலி. கைப்பிடி மேஜைக்கு அடியில் போகவில்லை. மேஜையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, எட்டி எட்டித் தட்டச்சு செய்து, ஒரு மாதத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் கைப்பிடிகளைக் கழற்றித்தான் போட்டேன். வாங்கும் முன்பு மேஜையின் அடிப்பக்க உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

சரி, மெஷ்ஷா குஷனா? முதுகுக்கு மெஷ், வியர்க்காது. இருக்கைக்கு என்றால் என் ஓட்டு குஷனுக்கு, அதுவும் கையால் அழுத்தினால் அடிப்பலகை தட்டாத அளவுக்குக் கெட்டியான ஃபோம். மலிவான மெஷ் இருக்கை நாளடைவில் தொய்ந்து, அதன் சட்டம் தொடையில் குத்தும். தலைத்தாங்கிக்காகத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டாம். வழுவழுப்பான தரை என்றால் மென்மையான பியூ (பாலியூரித்தேன்) சக்கரம் கேளுங்கள், நைலான் வழுக்கிக்கொண்டு ஓடும்.

எழுந்து நடந்த பிறகும் மரப்பு போகவில்லை, வலி ஒரு பக்கக் காலில் மின்னல் மாதிரி இறங்குகிறது, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் நாற்காலியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ சிரமம் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

புதிதாக வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். 5 செ.மீ. தடிமனுள்ள கெட்டியான குஷன் ஒன்றைச் சாய்மானத்தின் கீழ்ப்பாதியில் முழு அகலத்துக்கும் நிற்க வையுங்கள். நீங்கள் முன்னால் தள்ளி உட்காருவீர்கள், இருக்கையின் ஆழம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். காலுக்குக் கீழே ஒரு பெட்டியோ தடித்த புத்தகக் கட்டோ வையுங்கள். இரண்டு வாரம் அப்படி வேலை செய்யுங்கள். கால் மரப்பது நின்றுவிட்டால் இதே நாற்காலி போதும். குறைந்தும் முழுக்கப் போகவில்லை என்றால், ஆழம் குறைந்த வேறொன்றைத் தேடுங்கள். கடையில் வழக்கமாகப் போடும் செருப்போடு, பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லா நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும்.