வாசகர் கேள்வி–பதில்: எல்லோரும் தியானம் செய்தால் ஊர் சப்பென்று ஆகிவிடுமா?

கேள்வி (செம்பூர் வாசகர்): எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் காலையில் தியானத்தில் உட்காருகிறார்கள். கோபம், பொறாமை, பிடிவாதம் எல்லாம் இருப்பதால்தான் வீட்டில் பேச்சும் ஊரில் அரசியலும் சினிமாவும் நடக்கின்றன. எல்லோரும் அமைதியாகிவிட்டால் வாழ்க்கையில் சுவாரஸ்யம் என்ன மிஞ்சும்?

பதில்: ஒரு நாடே இதைச் செய்து பார்த்துவிட்டது. பர்மாவில் (இன்றைய மியான்மர்) பெரும்பாலும் பிக்குகளோடு இருந்த விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியானம், 20-ஆம் நூற்றாண்டில் குடும்பஸ்தர்களிடம் பெரிய அளவில் பரவியது. ரங்கூனில் மகாசி சயடோ என்ற பிக்குவின் மையத்துக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அரசின் அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்த ஊ பா கின் தன் அலுவலக ஊழியர்களுக்கே கற்றுக்கொடுத்தார். அவருடைய மாணவர் கோயங்கா 1969-இல் இந்தியாவுக்கு வந்து முதல் முகாமை நடத்தியது நம் மும்பையில்தான்.

அந்த பர்மா சப்பென்றா இருந்தது? 1962-இல் ராணுவ ஆட்சி, 1988-இல் மக்கள் எழுச்சி, 2021-இல் மறுபடி ராணுவம். 2007-இல் பிக்குகளே மைத்ரி சூத்திரத்தை (எல்லா உயிருக்கும் நல்லது வேண்டும் பாடலை) ஓதிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். தியானம் பரவினால் சமூகம் உறங்கிப்போகும் என்ற பயத்துக்கு இது பதில். தியானம் பரவினாலே சண்டை ஓயும் என்று நம்புகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

தியானம் உணர்ச்சியை எடுத்துவிடுவதில்லை, அது நீடிக்கும் நேரத்தைத்தான் குறைக்கிறது. தாதர் ரயில் நிலையத்தில் ஒருவர் இடித்துத் தள்ளினால் யாருக்கும் கோபம் வரும். பழகியவருக்கு அது சில நிலையம் தள்ளியுள்ள குர்லாவுக்குள் அடங்கிவிடும். பழகாதவர் தொலைவிலுள்ள டோம்பிவிலிவரை சுமந்துபோய் வீட்டில் இறக்குவார்.

எந்த வகைத் தியானம் என்பதும் முக்கியம். மந்திரத்திலோ மூச்சிலோ மட்டும் மனத்தைக் கட்டி நிறுத்துவது ஒரு வகை. வருகிற ஒலி, எண்ணம், உடல் உணர்வு எல்லாவற்றையும் தள்ளாமல் பிடிக்காமல் கவனிப்பது இன்னொரு வகை. 2012-இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இரண்டாவது வகையைச் செய்த பிறகு புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன. முதல் வகையில் அப்படி வரவில்லை. ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, ஆனாலும் எழுதுகிறவர்கள், இசைக்கிறவர்கள் இரண்டாவதைக் கைவிடாமல் இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. இயக்குநர் டேவிட் லிஞ்ச் 1973 முதல் தியானம் செய்தவர், அதுவும் மந்திர வகை. அவருடைய படங்களை யாரும் சப்பென்று சொன்னதில்லை.

குறையக்கூடியவையும் உண்டு: எரிச்சலில் உடனே அனுப்பும் வாட்ஸ்அப் பதில், அடுத்தவர் வீட்டு வம்பு, தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது. இவற்றைச் சுவாரஸ்யக் கணக்கில் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கேள்வி (டோம்பிவிலி வாசகி): என் கணவர் இகத்புரியில் பத்து நாள் விபஸ்ஸனா முகாம் முடித்து வந்து ஒன்றரை மாதமாகிறது. எதைக் கேட்டாலும் "சரி, உன் இஷ்டம்" என்கிறார். மகள் பரிசு வாங்கி வந்தபோதுகூடச் சிரிக்கவில்லை. இதுதான் சமநிலையா?

பதில்: இல்லை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, நாளைக்குப் பத்து மணி நேரம் அளவுக்கு உட்கார்ந்து, மௌனத்தில் இருந்துவிட்டு வருகிறவர் முதல் வாரம் கொஞ்சம் ஒதுங்கியிருப்பது இயல்பு. ஒன்றரை மாதம் நீடித்தால் பயிற்சியில் ஏதோ பிசகியிருக்கிறது.

பெரும்பாலும் நடப்பது அமுக்குதல். உடலை உச்சி முதல் பாதம்வரை கவனிக்கும்போது, வரும் உணர்ச்சியைத் தெரிந்துகொள்வதற்குப் பதில் விரட்டப் பழகிவிடுகிறார்கள். துக்கத்தை விரட்டப் பழகிய மனம் சந்தோஷத்தையும் சேர்த்து விரட்டும். அவரிடம் கேட்டுப் பாருங்கள்: "மகள் வந்து சொன்னபோது உடம்பில் என்ன தெரிந்தது?" நெஞ்சு லேசானது, கண் கலங்கியது என்று ஏதாவது சொன்னால் பயமில்லை, உணர்கிறார், வெளியே காட்டவில்லை. "ஒன்றுமே தெரியவில்லை" என்றால் உட்காரும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்லுங்கள். மீதி நேரம் கண் திறந்து 20 நிமிடம் மெதுவாக நடக்கட்டும். கடைசி 5 நிமிடம் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் நினைத்து நல்லது வேண்டட்டும். முகாமில் பத்தாம் நாள் மைத்ரி சொல்லித்தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் பலர் முதலில் விடுவது அதைத்தான்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் உட்காருகிறாரா என்றும் பாருங்கள். தாடை மார்பை நோக்கிச் சரிந்தால் அது அரைத்தூக்கம். அந்த மந்தத்தைச் சாந்தி என்று நினைத்துவிடுவது எளிது. சாப்பாட்டுக்கு முன் உட்காரட்டும், கண்ணைப் பாதி திறந்து வைக்கட்டும்.

தூக்கம், பசி மாறியிருந்தாலோ, பிடித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஈடுபாடு இல்லாமல் போயிருந்தாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். தன்னைத் தானே தள்ளி நின்று பார்ப்பதுபோல, உலகம் நிஜமில்லாததுபோலத் தோன்றினாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். முன்பு மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட முகாமுக்குப் போகவே கூடாது.

கேள்வி (சயான் கோலிவாடா வாசகர்): புதிதாகத் தொடங்குகிறேன். எவ்வளவு நேரம்? ரயிலில் செய்யலாமா?

பதில்: 15 நிமிடம் போதும். போர்வையை மடித்து நாலு விரல் உயரத்துக்குப் போட்டு, இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். மூக்கு நுனியில் மூச்சு படும் இடத்தைக் கவனித்து ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள். விட்டுப்போனால் மறுபடி ஒன்று. மூச்சை வேண்டுமென்றே ஆழமாக இழுக்காதீர்கள்: கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறித் தலைசுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். கால் மரத்தால் மாற்றிப் போடுங்கள், பொறுத்துக்கொள்வதில் பெருமை இல்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் மட்டும், கண்ணைத் திறந்தபடி செய்யுங்கள். கதவோரம் நிற்கும்போது கவனம் முழுக்கக் கைப்பிடியில் இருக்கட்டும்.