துணி வெள்ளையாக வந்தால் கரி போய்விட்டதா?

கேள்வி: என்னுடையது .308 போல்ட் ரைஃபிள். முன்பெல்லாம் 100 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள் அடங்கும். இப்போது உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழலுக்குள் பிரஷ் போட்டு, துணி வெள்ளையாக வரும்வரை தள்ளிவிட்டுத்தான் எடுத்து வைக்கிறேன். கொஞ்ச நாளாக தோட்டாவை உள்ளே தள்ளி போல்ட்டைப் பூட்டும்போதும் இறுக்கமாக இருக்கிறது. குழல் தேய்ந்துவிட்டதா?

பதில்: குழலைக் குறை சொல்வதற்கு முன்னால் ஸ்கோப் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் நீங்கள் அந்த போல்ட் இறுக்கத்தையும் சொல்வதால் எனக்குக் கரி மேல்தான் சந்தேகம், அதிலும் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடிந்து, குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் கழுத்துப் பகுதியில் வளையமாகப் படிந்திருக்கும் கரி.

தோட்டா உறையின் வாய்க்கும் சேம்பரின் முன்விளிம்புக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். வெடிமருந்து எரிந்த புகை அங்கே போய் ஒட்டுகிறது. அடுத்த குண்டு வெடிக்கும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடும், சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டை நெருங்கும் அழுத்தமும் அந்தப் படிவைச் சுட்டு இறுக்குகின்றன. இப்படி நூற்றுக்கணக்கான முறை நடந்தால் அது புகைக்கரியாக இருக்காது, சூளையில் சுட்ட ஓடு மாதிரி ஆகிவிடும். துணி வெள்ளையாக வந்ததன் ரகசியமும் இதுதான்: துணியில் வருவது உதிரியாகக் கிடக்கும் கரி மட்டும், ஓடாகிப்போனது துணியை அழுக்காக்கவே செய்யாது. குழலுக்குள் விட்டுப் பார்க்கும் சின்ன கேமராக்கள் இப்போது போனிலேயே பொருத்திக்கொள்ளும்படி கிடைக்கின்றன, ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரி பளபளப்பில்லாமல் கருப்பாகத் தெரியும், குண்டின் மேலுறையிலிருந்து ஒட்டிய செம்பு செந்நிறக் கீற்றாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. அந்த வளையம் தடித்தால் உறையின் கழுத்து விரிந்து குண்டை விட இடமில்லாமல் போய் அழுத்தம் எகிறும். சுட்ட உறையில் பிரைமர் (உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டையாகி இருந்தாலோ, போல்ட்டைத் திறக்கத் தட்ட வேண்டியிருந்தாலோ, சுத்தம் செய்யும்வரை சுடாதீர்கள்.

சரி, எப்படி எடுப்பது? அடிப்பிடித்த பாத்திரத்தை உடனே சுரண்டுகிறவர் கையைத்தான் புண்ணாக்கிக்கொள்வார், தண்ணீர் ஊற்றி வைத்தவர் மறுநாள் லேசாகத் துடைத்து முடிப்பார். இங்கும் அதேதான். முதலில் தோட்டா எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து போல்ட்டைக் கழற்றுங்கள். சேம்பர் பக்கம் போர் கைடு (சுத்தம் செய்யும் கம்பியை நேராக வழிநடத்தும் குழாய்) பொருத்துங்கள், அது இல்லாமல் கம்பியைச் செருகினால் கம்பி வளைந்து அந்தக் கழுத்தையே உரசித் தேய்க்கும். கரி கரைக்கும் திரவத்தில் நனைத்த துணியை இரண்டு மூன்று முறை தள்ளி உதிரி அழுக்கை வெளியேற்றிவிட்டு, பழைய பிரஷ் ஒன்றில் துணி சுற்றி, திரவத்தில் நன்றாக நனைத்து, சரியாகக் கழுத்துப் பகுதியில் நிறுத்தி வையுங்கள். குழல் வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒருமுறை நான் இதை மறந்து நேராக நிமிர்த்தி வைத்துவிட்டேன், திரவம் ட்ரிக்கருக்குள் இறங்கி அதைத் தனியாகக் கழற்றிக் கழுவும் வேலை வந்து சேர்ந்தது. எவ்வளவு நேரம் என்பதைப் புட்டியில் போட்டிருப்பார்கள், அரை மணி நேரமாவது விடுங்கள். உள்ளே ஒன்று அடைத்துக்கொண்டு இருக்கிறது என்பது மறக்காமல் இருக்க, போல்ட்டை ரைஃபிளில் திரும்பப் போடாமல் தனியாகவே வையுங்கள்.

அப்புறம் வெண்கலப் பிரஷ், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, முழு நீளத்துக்கும். குழலின் நடுவில் நிறுத்தித் திசை மாற்றாதீர்கள், முட்கள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பத்து முறை போதும், பிறகு துணி. இந்தத் தடவை பழுப்பும் கருப்புமாக வரும், அதுதான் நல்ல அறிகுறி. திரும்பவும் ஊற வையுங்கள். மூன்று நான்கு சுற்றுக்கும் அசையாவிட்டால் மட்டும், துப்பாக்கிக் குழலுக்கென்றே விற்கும் மென்மையான அரைப்புப் பசையைத் துணியில் தடவி, கழுத்துப் பகுதியில் மட்டும் எண்ணிப் பத்துப் பதினைந்து முறை. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் உள்ளே பாருங்கள். கரிக்குக் கீழே இருப்பது இரும்பு, அது திரும்ப வளராது.

கரியும் செம்பும் அடுக்கு அடுக்காகப் படிந்திருக்கும் என்பதால் கரி கரைந்ததும் செம்பு திரவம், அப்புறம் மறுபடி கரித் திரவம் என்று மாற்றி மாற்றிப் போடவேண்டி வரலாம். ஒன்றைத் துடைத்து உலர்த்தாமல் இன்னொன்றை ஊற்றாதீர்கள். அம்மோனியா கலந்த செம்புத் திரவம் துணியை நீலமாக்கும். நான் ஒரு மாலை முழுவதும் நீலம் வருகிறதே, வருகிறதே என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் கரைந்துகொண்டிருந்தது குழலில் இருந்த செம்பு இல்லை, கம்பி நுனியில் துணியைப் பிடிக்கும் என்னுடைய பித்தளை ஜாக்!

வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். கரியோடு ஈயமும் சேர்ந்துதான் வரும்.

கேள்வி: டிரில்லில் ஸ்டீல் பிரஷ் மாட்டிச் சுற்றினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடாதா?

பதில்: முடிந்துவிடும், கரி மட்டுமல்ல, குழலும். வரிப்பள்ளங்கள் சுருண்டு ஓடுபவை. கம்பி அவற்றோடு சேர்ந்து தானாகச் சுழல வேண்டும், அதனால்தான் நல்ல கம்பிகளின் கைப்பிடியில் பேரிங் வைக்கிறார்கள். டிரில் பள்ளங்களுக்குக் குறுக்கே அறுக்கும். வேண்டாம்.

கேள்வி: .22 ரைஃபிளுக்கும் இவ்வளவு பாடு தேவையா?

பதில்: இவ்வளவு தேவையில்லை. .22 ரிம்ஃபயரில் (உறையின் விளிம்பில் அடித்துச் சுடும் சின்னத் தோட்டா) அழுத்தம் குறைவு, பெரும்பாலும் மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசிய ஈயக் குண்டு. ஆனால் கழுத்தில் கரி வளையம் இங்கும் வரும், அதையும் ஊற வைத்தே எடுங்கள். மற்றபடி குழல் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் முதல் பத்து இருபது குண்டுகள் எங்கெங்கோ போகும், மெழுகு மறுபடி பரவிய பிறகுதான் நிலைக்கு வரும். குறி நன்றாக இருந்தால் தொடாதீர்கள்.

கேள்வி: பழைய ராணுவ ரைஃபிள் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் குழலில் கொதிநீர் ஊற்றுவார்களாமே, துரு பிடிக்காதா?

பதில்: ஊற்றாவிட்டால்தான் பிடிக்கும். பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, சாப்பாட்டு உப்புக்கு உறவுக்காரன், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். சூடான தண்ணீர் என்றால் குழலும் சூடாகிச் சீக்கிரம் உலரும். பிறகு உலர்ந்த துணி, அதன்மேல் மெல்லிய எண்ணெய். கருமருந்துத் துப்பாக்கிக்கும் இதே வைத்தியம்தான். இன்றைய சாதாரணத் தோட்டாவுக்கு இது தேவையில்லை, தண்ணீர் அந்த ஓட்டுக் கரியை ஒன்றும் செய்யாது.

கேள்வி: சுத்தம் செய்த பிறகு முதல் குண்டு எப்போதும் விலகிப் போகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் எண்ணெய். சுடுவதற்கு முன் சேம்பரையும் குழலையும் இரண்டு உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள், எண்ணெய் தேங்கிய குழலில் அழுத்தமும் கூடும். அப்படியும் விலகினால் அது உங்கள் குழலின் குணம். எத்தனை குண்டுக்குப் பிறகு நிலைக்கு வருகிறது என்று குறித்து வையுங்கள், போட்டிக்கு முன் அத்தனை குண்டை ஓரமாகச் சுட்டுவிட்டுத் தொடங்கலாம்.