தேனீப் பெட்டி வாங்கலாமா?

அன்புள்ள அக்கா,

யீஷூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் பாகலும் பூசணியும் போட்டிருக்கிறோம். பூ நிறையப் பூக்கிறது. ஆனால் பிஞ்சு விரலளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தேனீ வராததுதான் காரணம் என்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைக்கலாமா? இங்குள்ள பண்ணைகளுக்கும் அதனால் பலன் உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெட்டி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பாகல் பூக்கும் சில வாரங்களுக்கு மட்டும் தேனீ தேவைப்படுகிறது நமக்கு. தேனீக்கோ வருஷம் முழுக்கச் சாப்பாடு வேண்டும். அது இல்லாத இடத்தில் பெட்டியை வைத்தால் கூட்டம் பறந்துபோகும், அல்லது பட்டினி கிடக்கும்.

டுரியானைப் பாருங்கள். அதன் பூ சாயங்காலம் விரிந்து விடிவதற்குள் கொட்டிவிடும். மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் தேன் குடிக்கும் குகை வௌவால். நாம் தைப்பூசத்துக்குப் போகிறோமே பத்துமலை, அங்குள்ள குகைகளில் இந்த வௌவால்கள் உண்டு. 1970களில் அவற்றை ஆராய்ந்தவர்கள், 30 கிலோமீட்டருக்கும் அப்பால் கடலோரச் சதுப்புக்காடு வரை அவை இரை தேடிப் போவதைக் கண்டார்கள். டுரியான் பூப்பது சில வாரம்தான். மற்ற மாதங்களில் அந்தச் சதுப்புநில மரங்களின் பூ அவற்றுக்கு முக்கியமான சாப்பாடு. கரையோரக் காட்டை அழித்தால் உள்நாட்டில் டுரியான் விவசாயிக்குக் காய்ப்பு குறையும். மகரந்தம் சேர்க்கும் உயிருக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது இந்த வௌவாலை வைத்துத்தான்.

சிங்கப்பூரில் 100க்கும் அதிகமான தேனீ வகைகள் உண்டு. பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, நாம் எடுக்கிற மாதிரி தேனும் சேர்ப்பதில்லை. நீலப் பட்டைத் தேனீ வெறும் மண்ணில் வளை தோண்டும். பெரிய கருவண்டும் தேனீ வகைதான், அது காய்ந்த கட்டையைக் குடைந்து முட்டையிடும். கத்தரிப் பூவை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்ப்பவை இவை போன்றவைதான். பெட்டித் தேனீயால் அது முடியாது. நாமோ மண்ணைச் சிமெண்டால் மூடி, காய்ந்த கிளையைக் குப்பை என்று தூக்கிப் போடுகிறோம். தோட்டத்தின் ஒரு மூலையையாவது அப்படியே விடுங்கள். துளசியின் கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். வேலியோரம் செண்டுடோக், சிம்போ ஆயிர் என்ற புதர்ச்செடிகளை வைக்கலாம். இரண்டும் இந்த மண்ணுக்கே உரியவை, ஏறக்குறைய எப்போதும் பூப்பவை.

பண்ணைகளைப் பற்றிக் கேட்டீர்கள். லிம் சூ காங், கிராஞ்சிப் பக்கம் விளைவது பெரும்பாலும் கீரையும் முட்டையும் மீனும். கீரைக்குத் தேனீ தேவையில்லை. பழமும் காயும் போடுகிறவர்களுக்கு உண்டு, உங்களைப் போன்ற சமூகத் தோட்டக்காரர்களுக்கு நிச்சயம் உண்டு. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய திட்டத்தில் வளர்ந்த தோட்டங்கள் தீவு முழுக்க இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மூலையை விட்டால் பூச்சிகள் தோட்டம் விட்டுத் தோட்டம் போக வழி கிடைக்கும்.

அதுவரை, காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். அடியில் குட்டிப் பிஞ்சு இருப்பதுதான் பெண் பூ. மதியத்துக்குள் பூசணிப்பூ மூடிவிடும்.

அப்புறம் கொசுப்புகை. டெங்கி வராமல் பார்க்கத்தான் வேண்டும், அதற்குத் தேங்கிய நீரைக் கொட்டுவதே முதல் வேலை. புகை தேனீயையும் கொல்லும். எனவே உங்கள் புளோக்கில் எந்த நாளில், எத்தனை மணிக்கு அடிக்கிறார்கள் என்று நகர மன்றத்தில் கேளுங்கள். பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் தோட்டத்துப் பக்கம் அடிக்க வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.