பாட்டியின் தாலாட்டும் புது ஆடாசிட்டியும்

கேள்வி: பாட்டி பாடிய தாலாட்டுகளை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் பழைய 2-ஆம் பதிப்பில் பதிந்து வைத்திருக்கிறேன். புதிய பதிப்புக்கு மாறினால் அவை கெட்டுவிடுமா? பின்னணியில் ஃபேன் சத்தம் வேறு.
- வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: தாராளமாக மாறுங்கள், அம்மா. ஆனால் முதலில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். பழைய பதிப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சின்ன கோப்பும், பக்கத்தில் 'டேட்டா' என்று முடியும் ஃபோல்டரும் இருக்கும். குரல் இருப்பது அந்த ஃபோல்டரில்தான். அதை விட்டுவிட்டுச் சின்ன கோப்பை மட்டும் நகலெடுத்துப் பாட்டை இழந்தவர்கள் நிறைய பேர். 2021-ல் வந்த 3.0 பதிப்பு இரண்டையும் ஒரே கோப்பாக்கியது. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. பழையதைப் புதியது திறக்கும். புதிய கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது.

3.2 முதல் ரிவெர்ப் (எதிரொலி) போன்ற சில எஃபெக்டுகளைப் பாட்டு ஓடும்போதே மாற்றிக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

அப்புறம் ஃபேன் சத்தம். பாட்டி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், ஃபேன் மட்டும் கேட்கும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போய் 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' அழுத்துங்கள். பிறகு முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, அதே எஃபெக்டைக் குறைவாகவே போடுங்கள். கூட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் ஃபேன் மிச்சமிருக்கட்டும், பாட்டியின் குரல்தான் முக்கியம். கடைசியில் 'வேவ்' கோப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதைத் திறக்க ஆடாசிட்டியே தேவையில்லை.