‘ஏதோ இருக்கிறம்’ எத்தனை புள்ளி?

வணக்கம் அண்ணை,

நான் மாங்குளம் பக்கம். 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் என் வகுப்புத்தோழன். வரவு செலவுத் திட்டத்துக்கு முதல், சனம் எப்படி வாழுது என்று அளந்து பார்த்து அதன்படி காசு ஒதுக்கினால் என்ன என்று கேட்கிறான். பிரித்தானியாவில் 2011 முதல் நான்கு கேள்விகள் கேட்கிறார்கள்: வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி, செய்வதெல்லாம் பெறுமதியாகத் தெரிகிறதா, நேற்று எவ்வளவு மகிழ்ச்சி, நேற்று எவ்வளவு பதற்றம். பதில் 0 முதல் 10 வரை. பூட்டானிலும் மகிழ்ச்சியை அளக்கிறார்கள். இவற்றைப் பார்த்து 14 கேள்விகளோடு ஒரு படிவம் செய்து இணைத்திருக்கிறேன். எங்கள் பழைய அதிபர் பார்த்துவிட்டு, “சோத்துக்கு வழி பாக்காமல் சந்தோசத்தை அளக்கப் போறியளோ?” என்று சிரித்தார். உங்கள் கருத்து என்ன?

வாசகர், மாங்குளம்

*

அன்புள்ள தம்பி,

அதிபர் சிரிக்கட்டும். சோற்றை அளந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று முதலில் பார்ப்போம். அரசாங்கக் கணக்கில் 2016இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் வறியவர்கள் 12.7 வீதம். 2019இல் 44.5 வீதம், நாட்டிலேயே அதிகம். மூன்று வருடத்தில் ஊர் இப்படி விழுந்துபோனதா? இல்லை. இடையில் வறுமைக் கோட்டைத் திருத்தினார்கள். முழு நாட்டுக்கும் 4.1 ஆக இருந்தது 14.3 ஆனதும் பெரும்பாலும் அதனால்தான். கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்ற சனம், அதே கொட்டில், அதே கடனோடு ஒரே நாளில் கீழே வந்துவிட்டது. ஆகவே காசை அளப்பது கணக்கு, மனதை அளப்பது விளையாட்டு என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டிலும் அளவுகோலை யாரோ ஒருவர் வெட்டித்தான் எடுக்கிறார்.

எனக்கு இடறுவது உங்கள் மூன்றாம் கேள்வி. “நேற்று நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள்?” மகிழ்ச்சி என்ற சொல் எங்கள் பக்கத்தில் கலியாணக் கார்ட்டில்தான் இருக்கிறது. “எப்பிடி இருக்கிறியள்?” என்று யாரைக் கேட்டாலும் “ஏதோ இருக்கிறம்” என்பார்கள். அதற்கு எத்தனை புள்ளி போடுவீர்கள்?

நல்லாய் இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல இங்கே ஆட்கள் தயங்குவதற்குக் கண்ணூறு மட்டும் காரணமில்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அப்படி ஒரு தாயிடம் உங்கள் படிவத்தோடு போகிறீர்கள் என்று வையுங்கள். நேற்று மாடு கன்று போட்டது, பேத்தி முதல் அடி வைத்தது, அவ சிரித்துமிருப்பா. ஆனால் 7 என்று சொன்னால் மகனை விட்டுக்கொடுத்த மாதிரி. 2 என்பா. பக்கத்து வீட்டில் கனடாவுக்கு ஸ்பொன்சர் சரிவந்த பெடியன் 8 என்பான். சராசரி 5. இந்த 5ஐ வைத்துச் சபை எந்த ஒழுங்கைக்குக் கிரவல் போடும்?

கேட்பதென்றால் ‘நிம்மதி’ என்று கேளுங்கள். அந்தச் சொல்லுக்கு வீட்டுக்கு வீடு பொருள் இருக்கிறது.

அடுத்தது பதிவு. போர் முடிந்து, மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் திரும்பிய காலத்தில் நானும் கொஞ்ச நாள் ஒரு நிறுவனத்துக்குப் படிவம் நிரப்பித் திரிந்தேன். தகரக் கொட்டிலின் வாசலில் இருந்த ஓர் ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டா: “தம்பி, இது தாற பதிவோ, எடுக்கிற பதிவோ?” எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் சனம் எல்லாப் படிவத்தையும் இந்த இரண்டு பெட்டிக்குள்தான் போடும். 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணத் திட்டம் வந்தது. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகள். எந்தப் பதிலுக்கு எந்த வரிசை என்று ஊர் தானாகப் படித்துக்கொண்டது. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நெல் விற்கப் போகும்போது ஈரப்பதம் பார்க்கிற ஆளின் முகத்தைப் படிக்கிற மாதிரித்தான்.

பூட்டானை விடுங்கள். 33 குறிகாட்டிகளோடு ஒரு நாட்டையே அளக்க அங்கே ஓர் அரசு இருக்கிறது. எங்கள் சபைகளில் பலவற்றுக்குக் குப்பை அள்ளுகிற உழவு இயந்திரத்துக்கு டீசல் போடுவதே யோசனை. உங்களுக்கு உதவக்கூடியது வேறொன்று. ரொஜர் மக்கின்ரியும் பமீனா ஃபர்சோவும் தொடங்கிய ‘அன்றாட சமாதானக் குறிகாட்டிகள்’ என்ற ஆய்வு முறை. அதில் கேள்வியைக் கொழும்போ ஜெனீவாவோ எழுதுவதில்லை. ஊர் பாதுகாப்பாக இருக்கிறது என்பதை எதை வைத்து அறிகிறீர்கள் என்று சனத்தையே கேட்கிறார்கள். இரவில் நாய் குரைப்பது அப்படி வந்த ஓர் அடையாளம். (எங்களுக்கு அதில் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது: ஆளுக்குக் குரைக்கிறதோ, யானைக்குக் குரைக்கிறதோ என்று பிரிக்க வேண்டும்.)

உங்கள் கடிதம் வந்த பிறகு எங்கள் வாசிகசாலையில் மாதர் சங்கக் கூட்டம் முடிய, நிம்மதி எண்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு வந்தவை இவை. ரியூசன் முடிந்து வாற பிள்ளையைக் கூட்டிவர ஆள் போகத் தேவையில்லாதது. மாரிக்கும் ஓட்டோக்காரன் ‘உள்ளுக்கு வரமாட்டன்’ என்று சொல்லாதது. ஆவணியில் வாளி கிணற்று நிலத்தில் முட்டாதது. கடைசியாக ஒரு தங்கச்சி மெதுவாகச் சொன்னா: லோன்காரன் வாற நாளிலும் படலையைத் திறந்து வைக்கக்கூடியது.

முதலாவதற்குத் தெருவிளக்கு. இரண்டாவது ஒழுங்கை. மூன்றாவது பவுசர் தண்ணீர். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் என்று கையில் தந்ததற்குள் மூன்றும் அடங்கும். எத்தனை வீட்டுப் பிள்ளை தனியே வருகிறது என்று எண்ணலாம், விளக்குப் போட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் எண்ணலாம். நான்காவது சபையின் கையில் இல்லை. படை வைத்திருக்கிற காணி, வன இலாகா போட்ட எல்லைக்கல், இரணைமடுத் தண்ணீர், இவையும் அப்படித்தான். ஆனாலும் எழுதுங்கள், தனித் தாளில். தவிசாளர் தீர்மானமாக மேலே அனுப்பட்டும். கேட்டுவிட்டு ‘இது எங்கட வேலை இல்லை’ என்று தாளை மடிப்பதைத்தான் சனம் மன்னிக்காது.

தொகுத்ததும் கச்சேரிக்கு அனுப்ப முதல் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். அந்த ஆச்சியின் பதில் என்ன ஆனது என்று அவவுக்கு நான் போய்ச் சொல்லவேயில்லை. எனக்கே தெரியாது.

உங்கள் படிவத்தின் 14ஆம் கேள்வி, மாத வருமானம். அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் மற்றப் பதின்மூன்றுக்கும் சனம் அஸ்வெசுமப் பதில்தான் சொல்லும்.

அன்புடன்,
அண்ணை