அடியைத் தடவிப் பாருங்கள்: வைட்ஃபிரையர்ஸ் ஜாடிகள் பற்றிய கேள்வி பதில்

சிற்பம் மாதிரி வடித்த பழைய கண்ணாடி ஜாடிகளைச் சேர்க்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. நான் இருப்பது வடமேற்கு லண்டனில், ஹாரோ பகுதியைச் சேர்ந்த வீல்ட்ஸ்டோனில். அதனால் என் சேகரிப்பில் முக்கால்வாசி, இந்த ஊரிலேயே செய்த வைட்ஃபிரையர்ஸ் கண்ணாடிதான். நான்கைந்து பேர் ஒரே மாதிரி கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் ஹாரோ பக்கம்தான். தினமும் வைட்ஃபிரையர்ஸ் அவென்யூ வழியாகப் போகிறேன். அந்தப் பெயருக்கும் இந்தக் கண்ணாடிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு தம்பி. நீங்கள் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் உலை எரிந்தது. வெள்ளை அங்கி போட்ட கார்மலைட் துறவிகளின் மடம் ஒரு காலத்தில் லண்டன் ஃப்ளீட் தெருவுக்கு அருகே இருந்தது. அந்த இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த கண்ணாடிப் பட்டறைக்கு வைட்ஃபிரையர்ஸ், அதாவது 'வெள்ளைத் துறவிகள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1834இல் ஜேம்ஸ் பவெல் என்ற ஒயின் வியாபாரி அதை வாங்கினார். 1923இல் தொழிற்சாலை வீல்ட்ஸ்டோனுக்கு இடம் மாறியது. பழைய உலையின் நெருப்பை ஒரு கணப்புச் சட்டியில் எடுத்துவந்து புது உலையை மூட்டினார்கள் என்று இங்கே சொல்வார்கள். புது வீட்டுக்குப் போகும்போது குத்துவிளக்கை எடுத்துப்போகும் நமக்கு அது புரியாதா என்ன! 1980இல் உலை அணைந்தது. நம் ஆட்கள் இந்தப் பக்கம் பெருமளவில் குடிவந்தது அதற்குப் பிறகுதான். அதனால் நம்மில் பலருக்கு இந்தக் கதை தெரியாமலே போய்விட்டது.

கேள்வி: மரப்பட்டை மாதிரி சொரசொரப்பாக இருக்கும் ஜாடிகளை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எனக்கு அது முடிக்காமல் விட்ட வேலை மாதிரி தெரிகிறது.

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜெஃப்ரி பாக்ஸ்டர் என்ற வடிவமைப்பாளர் 1954இல் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். வழவழப்பான, மெல்லிய ஸ்காண்டிநேவியப் பாணி ஜாடிகளைத்தான் பல வருடம் வரைந்துகொண்டிருந்தார். அப்புறம் நிஜ மரப்பட்டை, ஆணித் தலைகள், கம்பி, செங்கல் என்று கையில் கிடைத்தவற்றை வைத்து அச்சு கட்டி, அதற்குள் கண்ணாடியை ஊதச் செய்தார். அந்த வரிசை 1967இல் விற்பனைக்கு வந்தது.

என் ஜன்னலில் ஒரு சிறிய மரப்பட்டை ஜாடி இருக்கிறது. டாஞ்சரின் நிறம், அதாவது நன்றாகப் பழுத்த கமலாப்பழத் தோலின் நிறம். டிசம்பர் மாதம் மூன்றரை மணிக்குச் சூரியன் தாழும்போது, அதன் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வெளிச்சக் கோடு நிற்கும், பள்ளங்களில் நிறம் தேன் மாதிரி தேங்கும். கையை உள்ளே விட்டுத் தடவினால் வழவழப்பு, வெளியே கரடு. வழவழப்பான ஜாடியில் வெளிச்சம் வழுக்கிப் போய்விடுகிறது, இதில் தங்கிவிடுகிறது. ஒரு வாரம் ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜாடியில் பெயரோ முத்திரையோ எதுவும் இல்லை. வைட்ஃபிரையர்ஸ்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். இந்த ஜாடிகளில் பெரும்பாலும் பெயர் பொறிக்கவில்லை. காகித லேபிள் மட்டும் ஒட்டினார்கள். அதை முதல் நாளே கழுவி எடுத்திருப்பார்கள். லேபிள் இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள், ஒரு ஜாடியிலிருந்து பிரித்து இன்னொன்றில் ஒட்ட இரண்டு நிமிடம் போதும்.

நான் முதலில் கவிழ்த்து அடியைத் தடவுவேன். ஊதிய ஜாடியை வேலை முடியும்வரை அடியில் ஒரு இரும்புக் கம்பியை ஒட்டித்தான் பிடித்திருப்பார்கள். கம்பியைத் தட்டி எடுத்தபின் அந்த இடத்தில் கூர்மையான வடு நிற்கும். வைட்ஃபிரையர்ஸில் அதைச் சாணை பிடித்து மெருகேற்றினார்கள். அதனால் அடியின் நடுவில், கட்டைவிரல் உட்காருகிற மாதிரி வழவழப்பான வட்டக் குழி இருக்கும். குழியே இல்லாமல் அடி முழுக்கத் தட்டையாகவோ, சொரசொரப்பான வடுவாகவோ இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது, நிறம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. டாஞ்சரின், மீன்கொத்தியின் நீலமான கிங்ஃபிஷர் போன்ற நிறங்களில், நிறக் கண்ணாடி உள்ளே இருக்கும், அதன் மேல் தெளிந்த கண்ணாடி ஓர் உறை மாதிரி போர்த்தியிருக்கும். அடிப்பக்கத்தைக் கண் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். தடித்த, நிறமில்லாத பனிக்கட்டிக்குள் நிறம் மிதப்பது போலத் தெரியும். 1967இல் முதலில் வந்த சினமன், இண்டிகோ, வில்லோ நிறங்களுக்கு இந்த விதியைப் போடாதீர்கள்.

மூன்றாவது, அளவு. பழைய விற்பனைப் பட்டியல்களில் ஒவ்வொரு வடிவத்துக்கும் எண்ணும் உயரமும் இருக்கும். பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியின் வடிவில் இருக்கும் பாஞ்சோ ஜாடியின் எண் 9681, உயரம் சுமார் 32 செ.மீ. மூன்று செங்கல்லை அடுக்கி நடுச் செங்கல்லை வெளியே தள்ளிவைத்த மாதிரி இருப்பதற்கு 'குடித்த கொத்தனார்' என்று பெயர். அதில் சிறியது 20 செ.மீ., பெரியது 33 செ.மீ. உங்களுடையது அரை, முக்கால் செ.மீ. குறைந்தால் உடைந்த விளிம்பை யாரோ தேய்த்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு விரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுங்கள். தேய்த்த இடம் திடீரென்று தட்டையாகும். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது.

கேள்வி: இணையத்தில் ஒரு பாஞ்சோ ஜாடி பாதி விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

அடியின் படம் கேளுங்கள், சமையலறைத் தராசில் வைத்து எடையும் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். பாஞ்சோவுக்கும் குடித்த கொத்தனாருக்கும் போலிகள் உண்டு, விலை அதிகம் போகும் வடிவங்கள் அவைதானே. உண்மையிலேயே பழையது என்றால் அடியில் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். அலமாரியில் ஐம்பது வருடம் நகர்ந்து நகர்ந்து வந்தவை அவை. எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாளால் தேய்த்தது என்று அர்த்தம்.

கேள்வி: புதிதாக ஆரம்பிக்கிறேன். கையில் அதிகப் பணம் இல்லை. எதை முதலில் வாங்குவது?

6 அங்குல மரப்பட்டை ஜாடி. நிறைய செய்தார்கள், இன்னும் கிடைக்கிறது. என்னுடையதை ஒரு சாரிட்டி ஷாப்பில் பழைய தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் கண்டேன். ஒன்றை வாங்கி மாதக்கணக்கில் கையில் வைத்துப் பழகுங்கள். எடையும் அடியும் கைக்குப் பழகிவிட்டால் அடுத்ததை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். முதலிலேயே பாஞ்சோவுக்குப் போகாதீர்கள், ஏமாந்தால் மனமே விட்டுப்போகும்.

கேள்வி: உள்ளே வெள்ளையாகப் புகை படிந்திருக்கிறது. போகுமா?

பூ வைத்த தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு என்றால் போகும். லண்டன் தண்ணீரில் இது சகஜம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலந்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் ஒரு பிடி பச்சரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள், கை போகாத மூலையில்கூட அரிசி போய்த் தேய்க்கும். இரண்டு மூன்று தடவை செய்தும் அப்படியே இருந்தால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. கடையில் ஜாடி ஈரமாக இருந்தால் காயும்வரை காத்திருந்து வாங்குங்கள், ஈரம் இந்தப் புகையை அப்படியே மறைத்துவிடும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது. சுடுதண்ணீரும் வேண்டாம். பனிக்காலத்தில் சில்லென்று இருந்த ஒரு இண்டிகோ ஜாடியில் நேராகச் சூடான தண்ணீரைப் பிடித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தோள் வரைக்கும் விரிசல். அந்த நிறத்தில் எனக்கு இன்னொன்று கிடைக்க ஆறு வருடம் ஆனது. தடித்த கண்ணாடி வலுவானது என்று நினைக்கிறோம். வெளியும் உள்ளும் ஒரே வேகத்தில் சூடாகாததால் தடித்ததுதான் சீக்கிரம் விரியும்.

கேள்வி: பின்லாந்து ஜாடிகளும் இதே மாதிரி மரப்பட்டையாக இருக்கின்றனவே?

இருக்கின்றன, அவையும் அருமையானவை. இட்டாலா நிறுவனத்துக்காக டிமோ சர்பனேவா 1960களில் செய்த ஃபின்லாண்டியா வரிசையில் மர அச்சையே பயன்படுத்தினார். ஒவ்வொரு தடவையும் சூடான கண்ணாடி மரத்தைக் கருக்கிவிடும், அதனால் அடுத்த ஜாடியின் மேற்பரப்பு கொஞ்சம் மாறும். இட்டாலாவின் கலைப் படைப்புகளில் பலவற்றில் அடியில் பெயர் பொறித்திருக்கும், அதைத் தேடுங்கள்.

கேள்வி: கைக்குட்டையை விரித்துப் பிடித்த மாதிரி ஒரு ஜாடி வாங்கினேன். விற்றவர் முரானோ என்றார்.

அந்த வடிவத்தைப் பெயர்பெறச் செய்தது இத்தாலியில் வெனிஸ் பக்கத்து முரானோ தீவின் வெனினி பட்டறைதான், 1940களின் கடைசியில். ஆனால் பிரிட்டனில் சான்ஸ் பிரதர்ஸ் அதே வடிவத்தைத் தட்டைக் கண்ணாடித் தகட்டை வளைத்து மலிவாக நிறையச் செய்தார்கள். உங்கள் படத்தில் இருப்பது மெல்லியதாக, மேலே அச்சடித்த கோடுகளோடு இருக்கிறது. சான்ஸ்தான் என்று நினைக்கிறேன். அதிலும் அழகு குறைவில்லை, கொடுத்த விலைதான் கொஞ்சம் கூடுதல்.

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன் மேடம். ஜன்னலில் வைக்கச் சொல்கிறீர்கள், எங்கள் ஊர் வெயிலுக்கு நிறம் வெளுக்காதா?

நிறம் கண்ணாடியோடு சேர்ந்தே உருகியது, வெளுக்காது. கவலை வேறு. தண்ணீர் நிரப்பிய உருண்டையான ஜாடி, பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரைச்சீலையையோ மரத்தையோ கருக்கிவிடும். நேர் வெயில் படும் ஜன்னலில் தண்ணீர் இல்லாமல் வையுங்கள், அல்லது காலை வெயில் போனபின் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் அடியில் நான்கு சொட்டு மெழுகுப் பசை ஒட்டுங்கள், மேசை ஆடினாலும் ஜாடி நகராது.

கேள்வி: பிள்ளை, எனக்கு எழுபது வயதாகிறது. வாங்கும் எண்ணம் இல்லை, பார்க்க மட்டும் ஆசை. எங்கே போகலாம்?

ஐயா, ஹாரோவிலேயே ஹெட்ஸ்டோன் மேனர் அருங்காட்சியகத்தில் வைட்ஃபிரையர்ஸ் கண்ணாடிக்கு ஒரு சேகரிப்பு இருக்கிறது. போகும் முன் எப்போது திறந்திருக்கும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதால் அங்கே தொட முடியாது. பார்த்து முடித்ததும் என் வீட்டுக்கு வாருங்கள், மரப்பட்டை ஜாடியைக் கையில் தருகிறேன்.